நெத்திலி ஏறிப் போன வண்டி

காலை பதினொரு மணி இருக்கும். கேட் அறையில் போன் அடித்தது. ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் பாதி கடித்த வடை. வடையை வைத்துவிட்டு எடுத்தேன்.

"ஏனுங்க, யார்டு கேட்டுங்களா? காத்தால உங்ககிட்ட இருந்து லோடு எடுத்துட்டு வந்தனுங்க. வண்டிக்குள்ள ஒரு கன்னுக்குட்டி படுத்துக் கெடக்குதுங்க."

பின்னால் லாரிகள் சர்ரென்று போகிற சத்தம். பேச்சைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மாரப்பன். சங்ககிரிப் பக்கத்துக்காரர், எங்கள் யார்டு வண்டிக்கு டிரைவராகச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"இன்னாண்ணா, காத்தாலயே சரக்கா?" என்றேன்.

"அய்யோ, நான் டீயே அளவாத்தான் குடிப்பனுங்க. கன்னுக்குட்டி இல்லீங்க அம்மணி. நாயி. எடுத்ததும் நாயின்னு சொன்னா அளவக் கேட்டு நீங்க நம்பமாட்டீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்."

நாய் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. லோடு வண்டியில் நாய், ஆடு, கோழி எதையும் ஏற்றக்கூடாது என்பது ரூல். அந்த ரூலைப் பற்றி நான் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறேன், எல்லா டிரைவர்களும் கேட்டிருக்கிறார்கள். மாரப்பனுக்கும் முழுசாக ஒரு தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் ஏத்தலீங்க. அதுவா ஏறியிருக்குதுங்க."

"இன்னா கலரு?"

"சாம்பலுங்க. மார்ல வெள்ளை."

வடையை நோக்கிப் போன கை நின்றுவிட்டது. "ஒரு காது நிக்குதா? இன்னொண்ணு மடிஞ்சிகீதா?"

"கிட்டப் போயிப் பாக்கோணுமுங்களா?"

"வாணாம் வாணாம். தூங்கசொல்ல கொறட்டை வுட்டுச்சா?"

"ஆமாங்க, எஞ்சின் சத்தம்னு நெனச்சுட்டு வந்தனுங்க. எங்க மாமனாரு மாதிரியே."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எடைமேடையின் நிழலில் தண்ணீர் வாளி இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

என் பெருமை

இந்த வாரம்தான் இந்தத் தொடருக்குள் வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மணலி பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் கேட் கிளார்க். வெளியே போகிற ஒவ்வொரு டிரெய்லரையும் நிறுத்தி, வண்டி நம்பர், கன்டெய்னர் நம்பர், சீல் உடையாமல் இருக்கிறதா, டிரைவர் யார், வண்டியில் எத்தனை ஆள், எல்லாவற்றையும் பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். கேட் பாஸ் கொடுக்க வேண்டும். அப்புறம் நான் பொத்தானை அமுக்கினால்தான் வழியை மறிக்கிற கம்பி மேலே எழும்பும்.

'கேட் கலா' என்றால் டிரைவர்களுக்குக் கொஞ்சம் பேஜார்தான். இத்தனை வருடத்தில் என்னைத் தாண்டி ஒரு துரும்பும் தப்பாக வெளியே போனதில்லை என்று நானே பத்து பேரிடம் சொல்லிக்கொள்வேன். மேனேஜரிடம் சொல்வேன். வீட்டில் சொல்வேன். கேட்கிற ஆள் கிடைக்காவிட்டால் நாயிடம் சொல்வேன்.

அன்றைக்கு அந்த நாய்க்கே நான் கேட் பாஸ் போட்டு ஆந்திராவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சாப்பாட்டுப் பையில் வந்தவன்

என் வீட்டுக்காரர் ஏழுமலை திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பி எல்லாரும் கடலுக்குப் போகிறார்கள். இவருக்குப் படகு ஏறினால் வாந்தி. அதனால் ரோட்டுக்கு வந்து எங்கள் யார்டிலேயே டிரெய்லர் ஓட்டுகிறார். நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி, ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அந்த பிளாக்கில் நாய் என்றால் கீழே இருக்க வேண்டும். படியேறி வந்தால் துடைப்பக்கட்டை. அதனால் நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்பது என் புத்திக்கு எட்டாத விஷயமாக இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஏழுமலை சாப்பாட்டுப் பையோடு வந்தார். பை அசைந்தது. மணலி புதுநகரில் ஒரு கோடவுன் முதலாளி காவலுக்கு கிரேட் டேன் ஜாதி நாய் வளர்த்தார். அது குட்டி போட்டுவிட்டது. அப்பன் யாரென்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. பக்கத்து கம்பெனி ராஜபாளையம் என்றார் ஒருத்தர், மதில் தாண்டிக் குதித்த தெருநாய் என்றார் இன்னொருத்தர். கலப்புக் குட்டிகள் முதலாளிக்கு வேண்டாம். லோடு ஏற்ற வந்த டிரைவர்களிடம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார்.

"இத்தெல்லாம் பெர்சா வளராது மே. பாரேன், நெத்திலி கணக்கா கீது" என்றார் ஏழுமலை. எலும்பும் தோலுமாக, ஈரமாக, உண்மையிலேயே நெத்திலி மாதிரிதான் இருந்தது. அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் மோனிஷா அதையே பேராக வைத்துவிட்டாள்.

மூன்றாவது மாதம் அவன் தலை சமையல் மேடையைத் தொட்டது. ஆறாவது மாதம் மேடைக்கு மேலே போய்விட்டது. ஒரு வருடத்தில், நான் உட்கார்ந்து சாப்பிடும்போது அவன் நின்றால் அவன்தான் என்னைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தெருவில் கூட்டிப்போனால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். "எக்கா, இத்த வெச்சிகினு நீ எங்க படுக்கறே?" என்று மீன் விற்கிற பெண்கள் கேட்பார்கள்.

எடை என்னவென்று தெரிந்துகொள்ள யார்டு எடைமேடையில் ஏழுமலையின் வண்டியை அவனோடு ஒரு தரம், அவன் இல்லாமல் ஒரு தரம் ஏற்றினோம். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். மூன்று இருபது குறைந்தது. அறுபது. என்னைவிட இரண்டு கிலோ கம்மி என்று மோனிஷா தேவையில்லாமல் சொன்னாள்.

ஒரு ஹால், நாலு பேர்

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. நெத்திலி ஹாலில் குறுக்கே படுப்பான். கிழக்கு மேற்காகப் படுத்தால் ரூமுக்குப் போக முடியாது, வடக்கு தெற்காகப் படுத்தால் பாத்ரூமுக்குப் போக முடியாது. எல்லாரும் அவனைத் தாண்டித்தான் போவோம். தாண்டும்போது அவனுக்குச் சந்தோஷம் வந்து வாலை ஆட்டினால் தரையில் இருக்கிற டம்ளர் எல்லாம் உருண்டு ஓடும். எவர்சில்வர் தவிர வேறு எதுவும் எங்கள் வீட்டில் தாக்குப்பிடிக்காது.

இவ்வளவு பெரிய உடம்புக்கு ஏற்ற தைரியம் அவனிடம் இல்லை. குக்கர் விசில் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்விடுவான். ஒரு தடவை கொழுந்தனார் ஒரு கூடை நண்டு கொண்டுவந்தார். அதில் ஒன்று தப்பி ஹாலுக்கு வந்தது. நெத்திலி மோந்து பார்த்தான். அது மூக்கைப் பிடித்தது. அன்றைக்கு அவன் ஏறி நின்ற கட்டில் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. அந்தக் கட்டிலில் சாய்வான பக்கம் படுக்கிறவள் நான்.

எனக்கு அவனைப் பிடிக்காது என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். மாவில் முடி, துணியில் முடி, தண்ணீர் வராத நாளில் அவன் ஒருத்தனே ஒரு குடம் குடிப்பான். காசிமேட்டிலிருந்து வரும் மீன் தலைகளை அவனுக்குத் தனியாக வேகவைக்கிறவளும் நான்தான். பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நான்கு வருடமாக வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் ஏழுமலையின் வண்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திரை போட்ட படுக்கை ஒன்று இருக்கும். நீண்ட தூரம் போகும்போது இன்னொரு டிரைவர் படுத்துக்கொள்வதற்கு. நெத்திலி அதில் ஏறிப் படுத்துத் திரைக்குள் போய்விட்டால், வண்டி ஆட ஆடத் தூங்கிக்கொண்டே இருப்பான். லோடு இல்லாத சின்ன சவாரிக்கு ஏழுமலை அவனைக் கூட்டிக்கொண்டு போவார். ஹார்பருக்குள் நாயை விடமாட்டார்கள், அதனால் ஹார்பர் போகிற நாட்களில் என்னிடம் விட்டுவிட்டுப் போவார். எடைமேடை நிழலில் படுத்திருப்பான். ரூல் பற்றி நான் பிரசங்கம் செய்யும்போது எல்லா டிரைவர்களும் அந்தப் பக்கம் பார்ப்பார்கள். வாயைத் திறக்கமாட்டார்கள்.

இரண்டு ஆள்

அன்று நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அதற்கு முந்தின வாரம் ஏழுமலைக்குப் புது வண்டி கொடுத்தார்கள். அவர் ஓட்டிய பழைய வண்டியை மாரப்பனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இது எங்களுக்குத் தெரியும், நெத்திலிக்குத் தெரியாது. அவனுக்கு அதுதான் அவன் வண்டி. நான்கு வருடம் படுத்த படுக்கை, அவன் முடி, அவன் வாசனை.

காலையில் ஏழுமலை அவனை என்னிடம் விட்டுவிட்டு ஹார்பருக்குப் போனார். மாரப்பன் வண்டியைக் கேட்டருகே நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டுவிட்டு, என் ஜன்னலுக்கு வந்தார். பேப்பரில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதற்காக அவரை நான் கால்மணி நேரம் நிற்கவைத்தேன். அந்தக் கால்மணி நேரம் போதும் நெத்திலிக்கு.

பிறகு நான் இறங்கிப் போனேன். சீல் பார்த்தேன், நம்பர் பார்த்தேன், படியில் ஏறி கேபினுக்குள் எட்டிப் பார்த்தேன். திரை மூடியிருந்தது. உள்ளே பெரிய உடம்பு ஒன்று படுத்திருப்பது திரையின் புடைப்பில் தெரிந்தது. குறட்டை வந்தது.

இந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது, திரையை விலக்கி முகத்தைப் பார்ப்பது. அதுதான் ரூல். ஆனால் தூங்குகிற ஸ்பேர் டிரைவரை நான் எழுப்புவதில்லை. எந்தக் கேட்டிலும் எழுப்பக்கூடாது என்பது என் கட்சி. இரண்டு நாள் கண் முழித்து ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் என்ன என்பது டிரைவர் பெண்டாட்டிக்குத் தெரியும். நான் பொறுமையாக இருக்கிற ஒரே விஷயம் அதுதான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து, 'ஆள்' என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். பொத்தானை அமுக்கினேன். கம்பி எழும்பியது.

மாரப்பன் தனியாக வந்தாரா என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.

நெத்திலி, படு

மறுபடி போனுக்கு வருவோம். மாரப்பன் சூளூர்பேட்டை பக்கத்தில் ரோட்டோரம் நின்றிருந்தார். போகிற போக்கில் கழுத்தில் சூடாக மூச்சு பட்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்திருக்கிறார். வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் குதித்துவிட்டார்.

"கதவு?" என்றேன்.

"சாத்திப்போட்டுத்தானுங்க குதிச்சேன். கண்ணாடி பாதி எறக்கி இருக்குதுங்க. இப்ப மூஞ்சிய மட்டும் வெளிய நீட்டுதுங்க. என்னையேதான் பாக்குது."

"அண்ணா, அது நம்ம வூட்டு நாயி."

அவர் நிதானமாகச் சொன்னார். "அம்மணி, என் நெலமையச் சொல்லிப்போடறனுங்க. ரெண்டு மணிக்குள்ள நாயுடுபேட்டை தாண்டி அந்தக் கம்பெனில வண்டிய நிறுத்தோணும். வேலைக்குச் சேந்து ஒரு வாரந்தான் ஆவுது. ஆனா எனக்கு நாயின்னா ஆகாதுங்க. எட்டு வயசுல கடிச்சுப்போட்டுது. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. அதுக்கப்புறம் நாயி நிக்கிற தெருவுலயே நான் போறதில்ல. இங்க டீக்கடைல ஒருத்தரு, தடி எடுத்துட்டு வந்து எறக்கி விட்டரட்டுமான்னு கேக்கறாருங்க."

கதவைத் திறந்து ஓரமாக நின்றால் போதும், நெத்திலி இறங்கிவிடுவான். லாரிகள் பறக்கிற ரோடு. அவனுக்கு ரோடு என்றால் வண்டிக்குள் இருந்து பார்ப்பது மட்டும்தான். மாரப்பன் அப்படிச் செய்தால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நான்கூடச் சொல்ல முடியாது.

"வாணாம்ணா. கதவத் தொறக்காதீங்க. உங்க கால்ல வுயறேன். நான் சொல்ற மாரி செய்யுங்க. போன ஸ்பீக்கர்ல போட்டு அவன் கிட்ட காட்டுங்க."

"கிட்டன்னா எவ்வளவு கிட்டங்க?"

"உங்க கை எவ்வளவு தூரம் நீளுமோ, அவ்வளவு போதும்."

காட்டினார். நான் கூப்பிட்டேன். "நெத்திலி."

"காதத் தூக்குதுங்க."

"நெத்திலி, கலீஜ் பண்ணாத. பின்னாடி போ. படு." சமையல்கட்டுக்குள் வந்தால் நான் சொல்கிற வார்த்தை அதுதான். ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்வேன். வீட்டில் ஐந்தாவது தரம்தான் கேட்பான்.

பிறகு மாரப்பனின் குரல், சின்னப் பையன் குரல் மாதிரி வந்தது. "போயிருச்சுங்க. போயிப் படுத்துருச்சுங்க."

என் செல்லுக்குக் கூப்பிடச் சொன்னேன். அவர் வண்டியில் ஏறினார். ஒரு கால் வைத்ததைச் சொன்னார், இரண்டாவது கால் வைத்ததைச் சொன்னார், உட்கார்ந்ததைச் சொன்னார். அதற்கப்புறம் போனை வைக்கவே விடவில்லை. காதில் செல்லை இடுக்கிக்கொண்டு நான் கேட்டில் வேலை பார்த்தேன். "எந்திரிக்குதுங்க" என்பார். "நெத்திலி, படு" என்பேன். ஜன்னலில் கையெழுத்துப் போட வந்த டிரைவர் ஒருத்தர் நிஜமாகவே திடுக்கிட்டுப் போனார்.

டோல்கேட் வந்தபோது அவன் எழுந்து மாரப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டானாம். "இங்க இருக்கற புள்ள இதப் பாத்துச் சிரிக்குதுங்க. நான் என்னுங்க பண்றது?"

"ஒண்ணியும் பண்ணாதீங்க. ரோட்டப் பாருங்க."

"எச்சில் சட்டைல எறங்குதுங்க."

"நான் தோச்சித் தரேன்."

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி மதில் தெரிகிறது என்றார். அடுத்து, "அம்மணி, சார்ஜர் வயரக் கடிச்சுத் துப்பிப்போட்டுதுங்க. செல்லு இப்ப நின்னுரும். காத்தால காலி டப்பாவோட நான்..." என்றார். செல் நின்றுவிட்டது.

காலையில் காலி கன்டெய்னரோடு அவர் எப்படியும் எங்கள் யார்டுக்குத்தான் வர வேண்டும். நாயோடு வருகிறேன் என்று சொல்ல வந்தாரா, நாயை இங்கே யாரிடமாவது விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வந்தாரா என்பது தெரியவில்லை.

அந்தப் பக்கத்துக் கேட்

நாலு மணிக்கு ஏழுமலை வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு என்மேல் கோபம் வருவது அபூர்வம். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். அவர் ரெஜிஸ்டரைத் திருப்பி அந்த வரியைப் பார்த்தார்.

"நீயே கம்பியத் தூக்கி வுட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யார்டில் என் கண்ணில் தண்ணீர் பார்த்தவர்கள் யாரும் கிடையாது, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டேப்ளரைத் தேடினேன்.

"பைக் வாங்கிகினு நான் போறேன்" என்றார்.

"இரு. மொதல்ல அந்த கம்பெனி கேட்டாண்ட கேக்கலாம்." டெலிவரி பேப்பரில் நம்பர் இருந்தது. என்னைப் போலவே ஒரு கேட், என்னைப் போலவே ஒருத்தர். அவர் தெலுங்கு மட்டும்தான் பேசினார். புளியந்தோப்பில் எங்கள் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் எல்லாம் தெலுங்கு வீடுகள். அந்தத் தெலுங்கை வைத்துக்கொண்டு சமாளித்தேன். மெட்ராஸ் வண்டி உள்ளே இருக்கிறதா? இருக்கிறது, லோடு இறக்குகிறார்கள். வண்டியில் நாய் இருந்ததா?

"குக்க லேது அம்மா."

நாய் இல்லை. ஏழுமலைக்கும் அவ்வளவு தெலுங்கு புரியும். அவர் அப்படியே எடைமேடைப் படியில் குந்திவிட்டார்.

போனை வைக்கப் போனேன். என்னவோ தோன்றியது. எழுதி எழுதிக் கை பழகிப்போன கேள்வி அது, வாய் தானாகவே கேட்டுவிட்டது. வண்டியில் எத்தனை ஆள் வந்தார்கள் என்று போட்டிருக்கிறீர்கள்?

அவர் பக்கத்தைப் புரட்டுவது கேட்டது. "இத்தரு" என்றார்.

இரண்டு பேர். ஒருத்தர் டிரைவர். இன்னொருத்தர் உள்ளே படுத்துத் தூங்குகிறார், உடம்பு சரியில்லையாம், எழுப்ப வேண்டாம் என்று டிரைவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம். பாவம் என்று தானும் விட்டுவிட்டதாகச் சொன்னார்.

நான் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் போனை வைத்துவிட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார், விஷயம் புரிந்து அவரும் சிரித்தார். நாயைக் கண்டால் தெரு மாறிப் போகிற ஆள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான ஆள், என் நாய்க்காக ஒரு கேட்டில் பொய் சொல்லியிருக்கிறார். கேட்டில் பொய் சொல்கிற டிரைவரை நான் அன்றுவரை மன்னித்ததில்லை.

பெரிய ஹால்

அன்று சாயங்காலம் வீடு பெரிதாக இருந்தது. ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நேராக நடந்து போகலாம். குக்கரை வைத்தேன், விசில் வந்தது, யாரும் ஓடவில்லை. காலேஜ் விட்டு வந்த மோனிஷா, ஹாலில் அவன் படுக்கிற இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் காலைத் தூக்கித் தாண்டினாள். தாண்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வந்துடுவான்ல மா?"

"வராம எங்க போவான், தின்னிப் பண்டாரம்" என்றேன். மீன் தலை வேகவைக்கிற சட்டியைச் சும்மா ஒரு தரம் கழுவி வைத்தேன். எனக்கு அவனைப் பிடிக்கும். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

காலி வண்டி

மறுநாள் காலையில் ஏழுமலை ஹார்பர் சவாரியை இன்னொருத்தருக்குத் தள்ளிவிட்டு என்னோடு கேட்டில் நின்றார். மோனிஷாவும் முதல் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்துவிட்டாள். ஒவ்வொரு வண்டியாக வந்தது. ஏழு வண்டிக்கு அப்புறம் அந்தப் பழைய நீல வண்டி திரும்பியது. இடதுபக்க ஜன்னலில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய தலை, ஒரு காது காற்றில் பின்னால் மடங்கி, நாக்கு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் அவன் ஏழுமலையைத்தான் முதலில் கீழே தள்ளினான். மோனிஷாவின் துப்பட்டாவை இழுத்தான். பிறகு என்னிடம் வந்து, அவன் வழக்கப்படி, உடம்பு முழுவதையும் என்மேல் சாய்த்துக்கொண்டு நின்றான். நான் கேட் அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மாரப்பன் டிரைவர் பக்கம் இறங்கி, முன் டயர் ஓரமாகவே நின்றார். சட்டைத் தோளில் எச்சில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. நேற்று சாயங்காலம் தயிர்சாதம் வாங்கி இலையோடு படுக்கையில் வைத்தாராம். படுக்கையை அவனுக்கு விட்டுவிட்டு, இவர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தாராம்.

"உங்களுக்கு எப்படிண்ணா சொல்றது" என்றேன். கத்துவதற்கு என்னிடம் நிறைய வார்த்தைகள் இருக்கின்றன, இதற்கு இல்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க." அவர் நெத்திலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோள்ல சாஞ்சுட்டுத்தான் வந்துது, போகையிலும் வரையிலும். ஆனா கைய ஸ்டீரிங்ல இருந்து நான் எடுக்கவே இல்லீங்க. ஒருக்காக்கூடத் தொடல."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"அம்மணி, நீங்க கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா? ஒருக்கா தொட்டுப் பாத்துக்கறனுங்க."

நான் கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஏழுமலை முன்னால் வந்து மண்டியிட்டு அவன் வாய்ப்பக்கத்தை அணைத்துக்கொண்டார். மாரப்பன் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். மூன்றாவது தரம் ஒரு விரல் மட்டும் நெத்திலியின் நெற்றியில் பட்டது. நெத்திலி கண்ணை மூடினான். அந்த விரல் அங்கேயே இருந்தது. பிறகு இன்னொரு விரல், பிறகு உள்ளங்கை முழுக்க.

"இவ்வளவு சூடா இருக்குமுங்களா?" என்றார். ஐம்பத்துமூன்று வயது மனிதர்.

பின்னால் ஆறேழு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் கையை எடுக்கிறவரைக்கும் நான் பொத்தானை அமுக்கவில்லை.